நடு ஏரியில் நின்றுவிட்ட யோவான்

“காணாத ஊரைப் பற்றி நீர் என்னத்தைக் கதைக்கப் போறீர், பிள்ளை?” என்று கேட்டார் பவானி அக்கா. கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். அந்தக் கேள்வியோடு நான்தான் அடுப்படியில் நின்றேன். கல்லில் கிடந்த தோசை கருகியது.

பவானி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். விமானத்தில் போகிறவர்களுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது அவர் வேலை. அவர் அடுக்கிய தட்டுகள் எங்கள் கூரைக்கு மேலேயே பறந்து போகும். நாங்கள் இருவரும் கீழே நின்று துணி காயப்போடுவோம்.

“காணாமத்தான் அக்கா புவியியலே படிச்சேன். ஆரணியைத் தாண்டாமலே அமேசான் நதியோட துணையாறெல்லாம் சொல்லுவேன். எம்.ஏ.ல பர்ஸ்ட் கிளாஸ்” என்றேன்.

“அது சோதனைக்கு. இது சனத்துக்கு முன்னாலை.” (தேர்வைத்தான் அக்கா சோதனை என்பார். எனக்கு நடக்கப்போவது இரண்டு வகையிலும் சோதனை என்று அப்போது தெரியாது.) “ஜெர்மனியிலை நான் ஏழு வருசம் இருந்தனான் தெரியுமோ?”

“அப்போ ஏரியெல்லாம் பாத்திருப்பீங்களே?”

“ஏரியோ? ஒரு குட்டையும் காணேல்லை.”

அத்தோடு பேச்சு முடிந்தது. ஏன் காணவில்லை என்று நானும் கேட்கவில்லை. எனக்குக் கர்வம். அந்த வயதில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதனால் தாராளமாகச் செலவு செய்தேன்.

கர்வத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி விற்கிறாள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் ஆக்லாந்துக்கு வந்து, சுற்றுலா மேலாண்மையில் இன்னொரு பட்டமும் வாங்கியிருந்தேன். வேலைதான் கிடைக்கவில்லை. விசா முடிய சில மாதங்களே இருந்தன. வேலை இல்லையென்றால் இரண்டு பட்டங்களையும் சுருட்டிக்கொண்டு ஆரணிக்குப் போக வேண்டியதுதான். போனால் அம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

அந்த நேரத்தில்தான் கரோல் கூப்பிட்டார். பணி ஓய்வு பெற்றவர்களைச் சிறு சிறு குழுக்களாக ஐரோப்பாவின் சின்ன ஊர்களுக்கு அனுப்பும் ஒரு குட்டி நிறுவனம் அவருடையது. ஊர்களைப் பற்றிக் கூட்டங்களில் பேசி, கேட்பவர்களுக்கு ஆசை உண்டாக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

“எங்க புத்தகத்துல இருந்து ஏதாவது ஒரு ஊரை எடுத்துக்கோ. அடுத்த வியாழக்கிழமை பக்குரங்காவில் ஒரு ஹால்ல பேசு. அவங்களுக்குப் பிடிச்சா வேலை உனக்கு” என்றார்.

“சரிங்க மேடம்” என்றேன். மேடம் என்றது தன்னைத்தான் என்று தெரியாமல், பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

வழவழப்பான அந்தப் புத்தகத்தில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. இருப்பதிலேயே சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ரசனை அல்ல. அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் தெரியும்: பாடம் சின்னதாக இருந்தால் மனப்பாடம் சீக்கிரம் முடியும்.

ஊரின் பெயர் ஹாக்னாவ். ஜெர்மனியின் தென்கோடியில் போடன்ஸே என்ற பெரிய ஏரியின் வடகரையில் இருக்கிறது. ஊர் என்றால், ஏரியைத் தொட்டுக்கொண்டு ஒரு தேவாலயம், அதற்குப் பின்னால் சில தெருக்கள், அதற்கும் பின்னால் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். அவ்வளவுதான். சரிவு தெற்கே பார்த்து நிற்பதால் வெயில் நேரடியாகவும் படும், ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறித்தும் படும். வெயிலை இரண்டு முறை வாங்கிக்கொள்ளும் ஊர். அதனால் திராட்சை. திராட்சையால் சண்டை, கடன், கண்ணீர். கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் விவசாயிகளைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துவைத்தாராம். (கூட்டுறவுச் சங்கம் என்றதும் எனக்கு அந்த ஊர் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. வாசலில் வரிசை இருந்திருக்குமா என்றுகூட யோசித்தேன்.)

ஏரியின் கதை அதைவிட நன்றாக இருந்தது. ஒரு காலத்தில் ரைன் நதியின் வழியெங்கும் பனிப்பாறை கிடந்ததாம். அது தோண்டிவிட்டுப் போன பள்ளம்தான் ஏரி. கரையில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என்று மூன்று நாடுகள். ஆனால் ஏரியின் பெரிய பாகத்தில் எல்லைக்கோடு எங்கே என்று மூன்றும் இன்றுவரை பேசி முடிக்கவில்லை. விசா முடியும் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்த எனக்கு, கோடு போடாத தண்ணீர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது பெரிய செய்தி.

ஆனால் என்னைக் கொன்றது யோவான்தான்.

புனித யோவானின் மரச்சிலை ஒன்று. தலையும் மார்பும் மட்டும். ஏரி முழுவதும் உறைந்துபோகும் அபூர்வமான குளிர்காலத்தில், இந்தக் கரை மக்கள் அந்தச் சிலையைத் தூக்கிக்கொண்டு பனிக்கட்டி மேலேயே நடந்து, எதிர்க்கரையில் இருக்கும் மூன்ஸ்டர்லிங்கன் என்ற சுவிஸ் ஊருக்குக் கொண்டுபோவார்கள். சிலை அங்கேயே இருக்கும். மறுபடி ஏரி முழுதாக உறையும்போதுதான் திரும்பி வரும். அது ஒரு தலைமுறைக்குள்ளேயும் நடக்கலாம், மூன்று தலைமுறைக்கு ஒரு முறையும் நடக்கலாம். கடைசியாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஏரி உறைந்தபோது சிலை ஹாக்னாவிலிருந்து கிளம்பிப் போனது. இன்னும் திரும்பவில்லை. படகில் ஏற்றினால் காபி ஆறுவதற்குள் வந்துவிடும். ஆனால் படகில் ஏற்றமாட்டார்கள். நடந்து போன வழியிலேயே நடந்துதான் வர வேண்டும்.

இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

ஏரிக்கரையை நேரலையாகக் காட்டும் ஒரு கேமரா இணையத்தில் இருந்தது. இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடிகாலை. வேலைக்கு மனுப்போட்டுக் களைத்த சாயங்காலங்களில் அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். சாம்பல் நிறத் தண்ணீர். ஒரு படகுத்துறை. நாயோடு நடக்கும் ஒரு பெண். வானம் தெளிந்த நாளில், எதிர்க்கரைக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலைகள், யாரோ அப்போதுதான் வரைந்துவிட்டுப் போன மாதிரி. மழைநாளில் எதுவும் தெரியாது. தெரியாத நாளிலும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நாய் மட்டும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. (மறுநாள் வந்தாள். செருப்பு மாற்றியிருந்தாள்.)

இனி மனப்பாடத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது எல்லாமே சத்தமாக, நடந்துகொண்டே, மூச்சு விடாமல் ஒப்பித்துத்தான். அமைவிடம், எல்லைகள், நிலத்தோற்றம், காலநிலை, விளைபொருள், வரலாறு. இந்த வரிசையில் மாற்றம் கிடையாது. பாடம் சரியாகச் சொல்கிறேனா என்று பார்ப்பது அம்மா. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்பாள். என்ன சொல்கிறேன் என்பது அவளுக்கு முக்கியமில்லை. ஓட்டம் எங்கே தட்டுகிறது என்பதை மட்டும் பிடித்துவிடுவாள். பிடித்தால் ஒரே தீர்ப்புதான்.

“நின்னுட்ட பாரு. மொதல்லருந்து சொல்லு.”

இடையில் எடுத்துக்கொடுக்க அவளுக்கு வழியில்லை. அதனால் எப்போதும் முதலிலிருந்துதான். இப்படியே பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ., எம்.ஏ. எல்லாம் தாண்டினேன். பாடத்தின் நடுவில் ஏறிக்கொள்ள என் மூளையில் படிக்கட்டே கிடையாது.

ஹாக்னாவையும் அப்படியே ஏற்றினேன். ஆங்கிலத்தில் எழுதி, பவானி அக்கா வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் சுழல்கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒப்பித்தேன். போனில் அம்மா. ஆங்கிலமும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ‘கூட்டுறவுச் சங்கம்’ வந்த இடத்தில் நான் திணறியதைச் சரியாகப் பிடித்தாள்.

“அங்க இடிக்குது. மொதல்லருந்து.”

புதன்கிழமைக்குள் மழைபோலக் கொட்டியது. அக்கா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தார். “பிள்ளை, உமக்குத் தலை சுத்தேல்லையோ?” என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை பழைய துணிக் கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டோடு பக்குரங்காவுக்குப் போனேன். தோள்பட்டையில் பஞ்சு வைத்த கோட்டு. பக்கவாட்டில் திரும்பினால் கதவில் இடித்தது. கையில் சார்ட் தாளில் நானே வரைந்த வரைபடம். நம்மூர் வழக்கப்படி கரையோரம் முழுக்க நீலப் பென்சிலால் தீற்றி, வடக்கு நோக்கி அம்புக்குறி போட்டிருந்தேன். பேருந்தில் சுருண்டே வந்த தாள், ஹாலில் விரிக்க விரிக்கச் சுருண்டுகொண்டது. முன்வரிசையில் இருந்த பேரி என்ற பெரியவர் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். “நான் நிக்கிறேன், நீ பேசு” என்றார். காதில் கருவி மாட்டியிருந்தார். அது எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும்.

முப்பது பேர் போல இருந்தார்கள். தேநீர், ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி, ஜாம். பின்னால் கைகட்டி நின்றார் கரோல். நான் கண்ணை மூடித் திறந்தேன். மழை ஆரம்பித்தது.

“ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே, மூன்று நாடுகள் கோடு போடாமல் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் ஏரி உண்டு. அந்த ஏரியை ஒரு புனிதர் எப்படி நடந்தே கடந்தார் என்பதை இறுதியில் சொல்லப்போகிறேன்…”

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கரோல் கட்டிய கையைப் பிரித்தார். எல்லைகள் முடிந்து நிலத்தோற்றத்தின் பாதியில், பனிப்பாறை பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும்போது, ஜோன் என்ற ஓர் அம்மையார் கையைத் தூக்கினார்.

“மன்னிச்சுக்கோ டியர். அந்த ஊர்ல டாய்லெட் ஏரிக்குப் பக்கத்திலயா, மேலே ஏறணுமா?”

நியாயமான கேள்வி. அவர் வயதில் நானும் அதைத்தான் கேட்பேன். “பக்கத்துலதான் மேடம்” என்றேன். (உண்மையில் எனக்குத் தெரியாது. கேமராவில் அது விழாது.) சொல்லிவிட்டுப் பனிப்பாறைக்குத் திரும்பினேன். பனிப்பாறை அங்கே இல்லை. பள்ளமும் இல்லை. வெள்ளைச் சுவர்.

வாய் தானாகத் திறந்தது.

“ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே…”

சிலர் புன்னகைத்தார்கள். இது ஏதோ உத்தி என்று நினைத்திருக்கலாம். இந்த முறை நிலத்தோற்றம் முடிந்து, காலநிலை முடிந்து, திராட்சைத் தோட்டம் வரை வந்துவிட்டேன். என் பக்கத்திலேயே வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பேரி, காதுக் கருவியைத் திருகிவிட்டுச் சத்தமாகக் கேட்டார்: “எந்த ஏரின்னு சொன்னே?”

“போடன்ஸே சார்.”

“ஓ. சரி சரி. மேலே சொல்லு.”

மேலே எங்கே சொல்வது? “ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே…”

மூன்றாவது முறை பாதிரியார் கூட்டுறவுச் சங்கத்தைத் திறக்கப் போகும் நேரத்தில், தேநீர் ஊற்றும் பெண்மணி என் காதருகே குனிந்து, “உனக்குப் பால் விடவா?” என்று ரகசியமாகக் கேட்டார். அவ்வளவு அன்பாகக் கேட்டவரை நான் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் கிண்ணத்தோடு இரண்டடி பின்னால் போய்விட்டார். பாதிரியாரும் போய்விட்டார்.

“ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே” என்று நான் தொடங்கியபோது, மூன்றாவது வரிசையிலிருந்து யாரோ சேர்ந்துகொண்டார்கள். “ஆல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே” என்பதற்குள் பாதி ஹால் சேர்ந்துவிட்டது. “மூன்று நாடுகள் கோடு போடாமல்” என்று முப்பது முதியவர்கள் ஒரே குரலில் முழங்கியபோது, ஆரணி நகராட்சிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்வது போலவே இருந்தது. நான் படித்த முறையை எதிர்க்கும் கல்வியாளர்களுக்கு ஒன்று சொல்வேன்: நான்கே முறையில் ஒரு ஹால் முழுவதும் தேறிவிட்டது.

அப்போதுதான் பேரி கேட்டார். கேலியாக இல்லை, உண்மையான ஆவலோடு.

“நீ அங்க போயிருக்கியாம்மா?”

முழங்கியவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று ஒரு சொல். அதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படகுத்துறையும் நாயும் அந்தப் பெண்ணின் புதுச் செருப்பும் என் கண்ணுக்குள் நின்றன. அத்தனை நாளும் நான் அங்கேதானே இருந்தேன்? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் முடியாது. வாய் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தது.

“ஐரோப்பாக் கண்டத்தின்…”

சிரிப்பு வெடித்தது. ஸ்கோன் துகள்கள் பறந்தன. கரோல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டார் ஜோன். எழுந்து நின்று, ஹாலைப் பார்த்து விரலை ஆட்டினார்.

“போதும்! இனிமே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேரி, நீ முக்கியமா. அந்தப் பொண்ணைக் கடைசி வரைக்கும் போகவிடுங்க. அந்தப் புனிதர் எப்படிக் கடந்தார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அதன் பிறகு ஒருவர்கூட இருமவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். ஏரி தோண்டப்பட்டது. திராட்சை பழுத்தது. சங்கம் திறந்தது. ஏரி உறையத் தொடங்கியது. கரையோரம் முதலில், பிறகு நடுவில். ஊரே கம்பளி சுற்றிக்கொண்டு இறங்கியது. சிலையைத் தூக்கினார்கள். காலடியில் பனிக்கட்டி முனகியது. அந்த இடத்தில் என் பாடம் நின்று வேறேதோ பேசத் தொடங்கியது எனக்கே கேட்டது. அவர்கள் திரும்பிப் பார்த்தபோது சொந்தக் கரை மங்கலாகத் தெரிந்திருக்கும் என்றேன். எதிர்க்கரை இன்னும் தெரிந்திருக்காது என்றேன். இது நான் எழுதிவைத்ததில் இல்லை. பேரி வரைபடத்தைக் கீழே விட்டுவிட்டார். அது சுருண்டுகொண்டது, யாரும் கவனிக்கவில்லை.

“சரியாக ஏரியின் நடுவே…” என்றேன்.

கதவு படாரென்று திறந்தது. அகலத் தொப்பிகளும் நுனி கூரான காலணிகளுமாகப் பதினைந்து இருபது பெண்கள் உள்ளே வந்தார்கள். அடுத்த நேரம் அவர்களுடையது. வரிசை நடன வகுப்பு. அவர்களுடைய ஆசிரியை சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியைப் போட்டார். பாட்டு அதிர்ந்தது. என்னுடைய யோவான் நடு ஏரியில் நின்றுவிட்டார்.

கரோல் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: “நீ நல்ல பொண்ணு. உழைச்சிருக்கே. ஆனா ஆளுங்க கேள்வி கேப்பாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ரயிலை டிப்போவுக்கே திருப்பிட்டுப் போனா எப்படி? உன்னை மேடையில் வைக்க முடியாது. ஸாரி.”

“சரிங்க மேடம்” என்றேன். இந்த முறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போனில்.

“எப்டிமா போச்சு?”

“மொதல்லருந்து அஞ்சு வாட்டி சொன்னேம்மா.”

“நல்லதாப் போச்சு. அஞ்சு வாட்டி கேட்டா அவங்க மனசுலயும் நிக்குமில்ல” என்றாள், பெருமையாக.

வேலை கிடைக்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. பவானி அக்காவிடம் சொன்னேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘நான் அண்டைக்கே சொன்னனான்’ என்பார் என்று காத்திருந்தேன். அதையும் சொல்லவில்லை.

“பிறகு? சிலை அங்காலை போச்சுதோ?” என்றார்.

“போச்சு அக்கா. இன்னும் அங்கதான் இருக்கு. ஏரி உறைஞ்சாத்தான் திரும்பும்.”

அக்கா அடுப்பை அணைத்தார். “எங்கட காம்பில இருந்து அந்த ஏரி ரயிலில ஒரு மணித்தியாலம்தான், பிள்ளை. ஆனா எங்களுக்குத் தந்த கடுதாசியில போட்டிருந்தது, அந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது எண்டு. அகதிகள்தானே. சனிக்கிழமைகளில அந்த ஊர்ச் சனம் காருக்கு மேல படகைக் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போகும். நான் யன்னலில நிண்டு பாப்பன். பின்னேரம் அதே கார் திரும்பி வரும். படகெல்லாம் நனைஞ்சிருக்கும். அவ்வளவுதான் நான் கண்ட ஏரி.”

நான் கணினியைத் திறந்து கேமராவைப் போட்டேன். அங்கே காலை. மலை தெரிந்தது. நாயும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

“இவ ஆர்?”

“தெரியாது அக்கா. தினம் வருவா.”

“நாய் கொழுத்துப் போச்சு” என்றார் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மறுநாள் காலை கரோல் கூப்பிட்டார். குரலில் களைப்பு. “ஆபீஸ் போன் அடிச்சிட்டே இருக்கு. பேரி கூப்பிட்டார். ஜோன் ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. சிலை போய்ச் சேர்ந்துச்சான்னு கேக்கிறாங்க. எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து இவங்களுக்கெல்லாம் பதில் சொல்லு.”

போனேன். போனில் ஒரு வசதி: கேட்பவர் ஒருவர்தான், அவருக்கு வேண்டியது ஒன்றுதான். பனிக்கட்டியிலிருந்தே தொடங்கலாம். பாடத்தின் நடுவில் ஏறிக்கொள்ள நான் கற்றுக்கொண்டது அங்கேதான். போய்ச் சேர்ந்தது என்றேன். திரும்பிவிட்டதா என்றார்கள். இல்லை என்றேன். “அப்போ நாங்க போய்ப் பாக்கிறோம்” என்றார் ஜோன். முதலில் வாரத்தில் சில நாள் வேலை, பிறகு முழு நேரம், பிறகு விசா. மேடையில் இன்றுவரை என்னை ஏற்றவில்லை. கரோல் விவரமானவர்.

அந்த வியாழக்கிழமை இன்னும் என்னை விடவில்லை. அலுவலகத்தில் யாராவது பேசும்போது போன் அடித்தால் மற்றவர்கள் கோரஸாக, “ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே” என்பார்கள். அக்கா வீட்டில் இன்னும் மோசம். விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்னால், “எங்கட பிள்ளையிட்டை இடையில உப்புக் கேக்காதேங்கோ, திரும்பவும் அரிசி களையப் போயிடும்” என்பார். மாசி என்ற புறநகரிலிருந்து வரும் அவருடைய தங்கை குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் நான்கு சொல்தான் வரும். அதில் ஒன்று ‘மொதல்லருந்து’.

நான் அனுப்பிவைத்தவர்கள் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். ஜோன் எனக்கு ஏரிக்கரைக் கூழாங்கல் ஒன்று கொண்டுவந்தார். “நீ சொன்ன மாதிரியே இருந்தது டியர். டாய்லெட் மட்டும் மேலே ஏறணும்” என்றார். அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொல்லி முடியாது. என்னால் ஹாக்னாவின் தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்ல முடியும். என் கால் மட்டும்தான் அங்கே பட்டதில்லை. சில நாள் வேலை முடிந்து ரயிலுக்கு நிற்கும்போது, பசி மாதிரி ஏதோ அந்தக் கரைக்கு இழுக்கும். பசி இல்லை. பசி என்றால் எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஹாக்னாவுக்குப் போக விடுப்புச் சொன்னேன். திராட்சை பறிக்கும் பருவம். பவானி அக்காவும் வருகிறார். அவர் இந்நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர், ஜெர்மனி போக அவருக்கு விசா வேண்டாம். “உமக்குத்தான் வேணும், எனக்கு வேண்டாம்” என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்துவிட்டு, பெட்டியில் வைத்த கம்பளிச் சட்டையை எடுத்து மறுபடி மடிக்கிறார்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கைநாட்டு. ரேஷன் கடையிலும் வங்கியிலும் அப்பாவும் அம்மாவும் பெருவிரலை நீட்டுவார்கள். பிறகு அந்த மையை யாரும் பார்க்காதபடி தலைமுடியில் துடைப்பார்கள். என் கையில் அந்த மை படக் கூடாது என்பதற்காகத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். போன வாரம் விசாவுக்காக வெலிங்டனில் இருக்கும் ஜெர்மன் தூதரகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பச்சை விளக்கு எரியும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, விரல்களை வைக்கச் சொன்னார். முதலில் வலது கை, பிறகு இடது கை, கடைசியில் இரண்டு பெருவிரல்களும்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

“இவ்ளோ படிச்சிட்டு கைநாட்டா வெச்சிட்டு வந்த?”

“ஆமாம்மா.”

“ஒத்த வெரலா?”

“பத்தும்.”

அம்மா பக்கம் பேருந்து ஹாரன் அடித்தது.

“நல்லா அழுத்தி வெச்சியா? லேசா வெச்சா திருப்பி அனுப்பிடுவாங்க” என்றாள்.

அழுத்தித்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.